மாந்தோப்பில் மர வீடு: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ரேணிகுண்டாவிலிருந்து காளஹஸ்தி செல்லும் சாலைக்கு அருகே நண்பர் ஒருவருக்கு இரண்டு ஏக்கர் மாந்தோப்பு உண்டு. ரயில்வேயில் தண்டவாளப் பாதையை மேற்பார்க்கும் வேலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் ஆர்க்காட்டுப் பக்கம். பிள்ளைகள் பிறந்ததும் படித்ததும் ரேணிகுண்டா ரயில்வே குடியிருப்பில்தான். தோப்பில் பாதி பங்கனபள்ளி, பாதி தோத்தாபுரி. காய்ப்புக் காலத்தில் காவலுக்குத் தங்க ஓலைக் கொட்டாய் ஒன்று போட்டிருந்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த மழையில் அது சரிந்து விழுந்துவிட்டது.

சில மாதங்களுக்கு முன் அவர் ஒரு வண்ணப் படத்துடன் என் வீட்டுக்கு வந்தார். பச்சைப் புல்வெளியின் நடுவே, கட்டை மேல் கட்டையாக அடுக்கிக் கட்டிய அழகான மர வீடு.

"முழுவதும் மரம். துண்டு துண்டாகக் கொண்டுவந்து மூன்றே நாளில் மாட்டிக் கொடுத்துவிடுவார்களாம். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை, முன்னால் ஒரு திண்ணை. பாதிப் பணத்தை முன்பணமாகக் கட்ட வேண்டும். என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

அவர் சொன்ன தொகை, ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த கிராஜுவிட்டியில் பாதிக்கு மேல் இருந்தது. இன்னொரு முறை சேர்க்க முடியாத பணம். கடைசிக் காலத்தில் தோப்பிலேயே இருந்துவிட வேண்டும் என்பது அவர் மனைவியின் ஆசை.

என்னிடம் அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. இந்த விஷயத்தில் நான் சூடு கண்ட பூனை.

பல ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுக் கொல்லையில் இதேபோல் ஓர் மர அறை வாங்கி வைத்தேன். புத்தகங்களை அடுக்கவும், அமைதியாக எழுதவும் ஓர் இடம் வேண்டும் என்பது நோக்கம். முதல் கோடையில் பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது. முதல் ஐப்பசி மழையில் கதவு உப்பிப் போய்ச் சாத்த முடியவில்லை. மூன்றாம் ஆண்டு ஒரு நாள் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை இழுத்தேன். அட்டை மட்டும் கையோடு வந்தது. உள்ளே மண்.

விற்றவர்மீது மட்டும் பழி சொல்வதற்கில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் வாங்கியது என் குற்றம். அதன் பிறகு ஆசாரிகளிடமும் மரவாடிகளிலும் கேட்டுத் தெரிந்துகொண்டதை நண்பருக்குச் சொன்னேன். மர வீட்டு ஆசை உள்ள வாசகர்களுக்கும் அது பயன்படக்கூடும்.

பனி நாட்டிலிருந்து வந்தது

கட்டைகளைக் கிடையாக அடுக்கி, மூலைகளில் ஒன்றுக்கொன்று வெட்டுக் கொடுத்துக் கோக்கும் இந்த வீட்டுமுறை, பைன் காடுகள் நிறைந்த குளிர் நாடுகளுக்கு உரியது. பின்லாந்து, சுவீடன், நார்வே, ரஷ்யா ஆகிய நாடுகளில் பல நூற்றாண்டுகளாக மக்கள் இப்படித்தான் வீடு கட்டினர். 1638-ல் அமெரிக்காவில் டெலவேர் நதிக்கரையில் குடியேறிய சுவீடன் நாட்டவர் இந்த முறையை அங்கே கொண்டு சென்றார்கள். இப்போது ஐரோப்பாவில் தோட்டத்தில் வைப்பதற்கென்றே தொழிற்சாலையில் அறுத்து, எண் போட்டு, கட்டாகக் கட்டி விற்கிறார்கள். நம் ஊருக்கு வருபவை பெரும்பாலும் அந்த மாதிரியைப் பார்த்துச் செய்தவையே.

அந்த நாடுகளில் மரச் சுவர் நூறு ஆண்டு, இருநூறு ஆண்டு நிற்கிறது. அதற்குக் காரணம் மரத்தின் உறுதி மட்டும் அன்று. பின்லாந்திலும் சுவீடனிலும் கரையான் கிடையாது! நமக்கோ, ஒரு கட்டையைத் தரையில் போட்டு ஒரு மழைக்காலம் மறந்துவிட்டால் போதும். ரேணிகுண்டாவின் மே மாத வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2021 நவம்பரில் சொர்ணமுகி பெருக்கெடுத்து ஓடியதை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். காய்ச்சல், நனைச்சல், கரையான் என்ற இந்த மூன்றுக்கும் படத்தில் இருக்கும் வீடு என்ன பதில் சொல்கிறது என்பதே முதல் கேள்வி.

நம்மவர் கண்ட வழி

நம் நாட்டில் மரக் கட்டடங்கள் நிற்கவில்லையா என்றால், தாராளமாக நிற்கின்றன. குமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகே உள்ள பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தவர்கள் அறிவார்கள். தூணும் தட்டியும் கூரையும் மரம். பெருமழை பெய்யும் சீமையில் அது நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கிறது. இமாசலப் பிரதேசத்தில் தேவதாரு மரத்தையும் கல்லையும் வரி வரியாக மாற்றி அடுக்கிக் கட்டிய பழைய வீடுகள் இருக்கின்றன.

இவற்றை உற்றுப் பார்த்தால் பொதுவான சில உண்மைகள் விளங்கும். மரம் மண்ணைத் தொடுவதில்லை. அடியில் கல் இருக்கிறது. கூரை சுவரைத் தாண்டி வெகுதூரம் நீண்டு இறங்குகிறது. மழை சுவரில் அடிப்பதில்லை. காற்று உள்ளே புகுந்து வெளியேற வழி இருக்கிறது, நனைந்தது காய்ந்துவிடுகிறது. நம் கிராமங்களில் தானியம் வைக்கும் மரப் பத்தாயத்துக்கும் கால் வைத்து, அதைத் தரையிலிருந்து தூக்கித்தானே நிறுத்தினார்கள்? படத்தில் இருந்த வீட்டை நண்பரிடம் சுட்டிக் காட்டினேன். அது புல்தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. இறவாரம் ஒரு சாண் கூட இல்லை.

எந்த மரம்?

விற்பவர் "நல்ல மரம்" என்பார். பெயர் சொல்லச் சொல்ல வேண்டும்.

தேக்கு வைரம் வெயில், மழை, கரையான் மூன்றையும் தாங்கும், விலைதான் தாங்காது. வேங்கையும் நல்ல உழைப்பு மரம். மருது பாரம் தாங்கும் சட்டங்களுக்கு ஏற்றது; ஆனால் நன்றாகக் காயாவிட்டால் முறுக்கும், வெடிக்கும். வேம்பு கசப்பு மரம் என்பதால் பூச்சி எளிதில் அண்டாது; கதவு, ஜன்னல், உள் பலகைகளுக்கு நம்மவர் தொன்றுதொட்டுப் பயன்படுத்துவது. தைலமரமும் சவுக்கும் மலிவாகக் கிடைக்கும். பந்தலுக்கும் சாரத்துக்கும் சரி, மண்ணில் நட்டு நிரந்தரமாக வைத்தால் சீக்கிரம் போய்விடும். தோப்பில் வெட்டிய மாமரத்தையே அறுத்துப் போடலாமே என்று நண்பர் கேட்டார். பெட்டி செய்யலாம், வெளிச்சுவர் வைத்தால் உளுத்துப் போகும்.

வெளிநாட்டிலிருந்து வரும் பைன் மரம் எடை குறைவு, அறுக்க எளிது, பார்வைக்கு அழகு. ஆனால் மருந்து ஏற்றாத பைன் கரையானுக்கு விருந்து. அழுத்தம் கொடுத்து மருந்து உள்ளே ஏற்றப்பட்டதா, வெறுமனே மேலே பூசப்பட்டதா என்று கேட்க வேண்டும். ஒரு துண்டைக் குறுக்கே அறுத்துக் காட்டச் சொன்னால் மருந்தின் நிறம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெரியும்.

எந்த மரமானாலும் வைரம் வேறு, வெளிப்புற வெள்ளைக் கட்டை வேறு. தேக்கு என்றே விற்றாலும் பாதி வெள்ளையாக இருந்தால் அந்தப் பாதியைத் தேக்கு என்று எண்ணக் கூடாது. பூச்சி முதலில் அங்கேதான் பிடிக்கும். பனையில் இது நேர்மாறு. அதற்கு வைரம் வெளியே, சோறு உள்ளே. உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும், வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும் தொல்காப்பியம் பிரித்துச் சொல்லியிருப்பதைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். அது மரவாடியிலும் உதவும் பாடம். முற்றிய பனையின் வெளிப்பாகத்தைப் பிளந்து செய்த கைமரங்கள் தலைமுறைக் கணக்கில் உழைக்கும். இளம் பனை ஆகாது.

செம்மரம் என்றால் கும்பிடு போடுங்கள்

இப்பகுதியில் வசிப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. தோப்பில் மர வேலை நடக்கிறது என்று தெரிந்தால், "வீட்டில் பழைய செம்மரத் தூண் இருக்கிறது, மலிவாகத் தருகிறேன்" என்று யாராவது வரக்கூடும். தொடவே கூடாது.

செம்மரம் உலகில் இயற்கையாக வளர்வது முக்கியமாகச் சேஷாசலம், பாலகொண்டா, லங்கமலை, வேலிகொண்டா மலைகளையும் அவற்றை ஒட்டிய காடுகளையும் கொண்ட இந்த வட்டாரத்தில்தான். 1995 முதல் அது சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் வெட்டுவதும், வைத்திருப்பதும், வண்டியில் ஏற்றுவதும் கடும் தண்டனைக்குரிய குற்றங்கள். 2015 ஏப்ரல் 7-ந் தேதி சேஷாசலம் காட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில், தமிழகத்திலிருந்து வந்த 20 பேர் உயிரிழந்தனர். இந்த மரத்தின் பெயரால் எத்தனை ஏழைக் குடும்பங்கள் கண்ணீர் விட்டன என்பதை ஆந்திரத் தமிழர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. அந்த மரத்தில் ஒரு துண்டு கூட நம் தோட்டத்துக்குள் வர வேண்டாம்.

மற்ற மரங்களுக்கும் காகிதம் வேண்டும். ஆந்திரத்தில் வனப் பொருள்களை எடுத்துச் செல்வதற்கான 1970-ம் ஆண்டு விதிகள் உள்ளன. சொந்த நிலத்து மரத்தை வெட்டுவதற்கும் 2002-ம் ஆண்டின் நீர், நிலம், மரங்கள் சட்டத்தைப் பார்க்க வேண்டும். கடையில் வாங்கினால் மரத்தின் பெயர், கன அடி, விலை எல்லாம் எழுதிய வரி பில் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். சித்தூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ லாரியில் வரும்போது சோதனைச் சாவடியில் கேட்பது அதைத்தான்.

கன அடிக் கணக்கு

மர வீட்டை அறைக் கணக்கில் விலை பேசுவது, மாங்காயை எண்ணாமல் மரத்தோடு விலை பேசுவது போல. உள்ளே எவ்வளவு மரம் இருக்கிறது என்று நாமே கணக்குப் போடலாம்.

அறுத்த மரத்துக்குக் கணக்கு எளிது. அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில், நீளத்தை அடியில் வைத்துப் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. 6 அங்குல அகலம், 2 அங்குலக் கனம், 12 அடி நீளம் உள்ள பலகை சரியாக 1 கன அடி.

நண்பர் கேட்ட அறையை எடுத்துக்கொள்வோம். நான்கு சுவரும் சேர்ந்து 44 அடி, உயரம் 8 அடி. ஆக 352 சதுர அடி. ஒரு கதவுக்கு 21 சதுர அடி, இரண்டு ஜன்னல்களுக்கு 24 சதுர அடி கழித்தால் 307. பலகை 28 மில்லி மீட்டர் கனம் என்றால் சுவருக்கு ஏறக்குறைய 28 கன அடி மரம். 44 மில்லி மீட்டர் என்றால் ஏறக்குறைய 44 கன அடி. இந்த அளவு அறைக்கு மில்லி மீட்டரே கன அடியாக வந்துவிடுகிறது. மறக்காமல் இருக்க வசதி. தரை, கூரை, சேதாரம் தனி. மரவாடியில் அதே மரத்தின் கன அடி விலையைக் கேட்டு வந்து பெருக்கிப் பார்த்தால், மரத்துக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு, படத்துக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பது தெரிந்துவிடும்.

நண்பர் தாளும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டார். அவருக்குக் காட்டிய விலைக்கு 28 மில்லி மீட்டர் பலகைதான் என்பது, தொலைபேசியில் இரண்டு முறை கேட்ட பிறகே தெரிந்தது.

மரம் மூச்சு விடும்

என் வீட்டுக் கதவு ஏன் சாத்தவில்லை? மரம் ஈரத்தை உறிஞ்சும், விடும். அதற்கேற்ப உப்பும், சுருங்கும். நீளவாக்கில் இந்த மாற்றம் அநேகமாக இல்லை. அகலவாக்கில்தான் எல்லாம். நிற்க வைத்த தூண் உயரம் குறையாது. கிடையாக அடுக்கிய கட்டைச் சுவர் உயரம் குறையும். நூற்றுக்கு 2 பங்கு சுருங்கினாலே 8 அடிச் சுவர் ஏறக்குறைய 2 அங்குலம் கீழே அமர்ந்துவிடும்.

அதனால் அடுக்குச் சுவரில் கதவு நிலையையும் ஜன்னல் நிலையையும் பலகைகளோடு சேர்த்துத் திருகாணி போட்டு இறுக்கக் கூடாது. நிலைக்கு மேலே இடைவெளி விட்டு, மேலே ஒரு பட்டையால் மறைக்க வேண்டும். இறுக்கிவிட்டால் மேலே உள்ள பலகைகள் இறங்க முடியாமல் நிலையின்மேல் தொங்கும். நடுவே வெளிச்சம் தெரியும். என் அறையில் நடந்தது இதுவே. மாட்ட வந்தவர்கள் "ஸ்ட்ராங்காக இருக்கட்டும் சார்" என்று இருபது திருகாணி அதிகமாகப் போட்டார்கள். நானும் மகிழ்ந்து காபி கொடுத்தேன்!

வாங்கும்போது மரத்தின் ஈரத்தை அளக்கச் சொல்லலாம். இரண்டு ஊசி உள்ள சிறு கருவியைக் குத்தினால் எண் காட்டும். நம் பக்கத்துக்கு 12 முதல் 15 சதவீதம் வரை இருந்தால் நன்று. 20-ஐத் தாண்டினால் "காயட்டும், பிறகு வருகிறேன்" என்று திரும்பிவிடலாம். பலகையைத் தூக்கிக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தால் முறுக்கு, வளைவு தெரியும். ஒரு பலகையின் விளிம்பில் காடியும் மற்றதில் நாக்கும் இருந்தால் இரண்டைக் கோத்துப் பார்க்க வேண்டும். கையால் தட்டினாலே உட்கார வேண்டும், சம்மட்டி கேட்கக் கூடாது.

கல்லுக்கு மேலே

மர வீட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் அடி. இதை நண்பருக்கு விளக்க அதிக நேரம் ஆகவில்லை. ரயில் பாதையில் மரக் கட்டைகள் இருந்த காலம் முதல் அவருக்குத் தெரியும். "கட்டை நிற்பது கட்டையால் இல்லை, அடியில் இருக்கும் ஜல்லியால். தண்ணீர் வடிந்தால் கட்டை நிற்கும்" என்று அவரே சொன்னார்.

அப்படியானால் பழைய ரயில் கட்டைகளை வாங்கிச் சுவர் வைக்கலாமா என்று உடனே கேட்டார். அவற்றில் பல கிரியோசோட் என்னும் தார் எண்ணெய் ஏற்றியவை. வெயிலில் வியர்த்து வழியும். தோலுக்கும் மூச்சுக்கும் கெடுதல். மனிதர் தூங்கும் அறைக்கு ஆகாது.

சித்தூர்ச் சீமையில் ஆண்டவன் கொடுத்த பொருள் ஒன்று உண்டு, கருங்கல். வேலிக்கும் திராட்சைப் பந்தலுக்கும் நடும் கல் தூண்கள் இங்கே தாராளமாகக் கிடைக்கும். அவற்றைக் குழி எடுத்து கான்கிரீட்டில் நிறுத்தி, தரைக்கு மேல் 2 அடியாவது இருக்கும்படி விட்டு, அதன்மேல் மரச் சட்டத்தை வைக்க வேண்டும். கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே விளிம்பு கீழ்நோக்கி மடித்த தகடு ஒன்று வேண்டும்.

கல்லின்மேல் கரையான் ஏறாதா? ஏறும். ஆனால் மண் குழாய் கட்டிக்கொண்டுதான் ஏறும். கல்லின்மேல் அந்த மண்கோடு பளிச்சென்று தெரியும். தகட்டின் விளிம்பைச் சுற்றிவர வேண்டியிருப்பதால் அங்கே ஒளிய முடியாது. துடைப்பத்தால் தட்டி, மருந்து வைத்துவிடலாம். மர வீடு வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இந்த வீட்டின் அடியில் குனிந்து பார்க்க முடியுமா? முடியாது என்றால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். என் அறை சிமெண்டுத் தரையில் படுத்துக் கிடந்தது. அடியில் நடந்தது எனக்குத் தெரியவே இல்லை.

வீடு லேசாக இருப்பதால் காற்றையும் நினைக்க வேண்டும். சட்டத்தைக் கல் தூணோடு போல்ட் போட்டுக் கட்டவேண்டும். கூரையையும் சுவரோடு பட்டை இரும்பால் கட்டவேண்டும். சுற்றிலும் பத்தடிக்குக் காய்ந்த மாவிலைச் சருகு இல்லாமல் பெருக்கி வைத்தால் தீக்கும் நல்லது. பாம்பும் கண்ணுக்குத் தெரியும்.

கூரையும் மருந்தும்

இறவாரம் நான்கு பக்கமும் இரண்டரை அடியாவது நீள வேண்டும். வெறும் தகரம் போட்டால் மே மாதம் உள்ளே உட்கார முடியாது. ஓடு நல்லது. தகரமே போடுவதானால் அடியில் பலகை அடித்து, இரண்டுக்கும் நடுவே காற்று ஓட இடம் விட்டு, முகட்டில் வழி வைக்க வேண்டும். நீளமான சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்த்தால் மேற்கு வெயில் குறையும்.

மருந்து விஷயத்தில் ஆசையும் கூடாது, அலட்சியமும் கூடாது. மழை படாத உள் மரத்துக்கு வெண்காரமும் போரிக் அமிலமும் மூன்றுக்கு இரண்டு பங்கு வீதம் வெந்நீரில் கரைத்துப் பூசுவது செலவு குறைந்த வழி. மழையில் கரைந்துவிடும் என்பதால் வெளிச்சுவருக்கு அது போதாது. அழுத்தம் கொடுத்து ஏற்றும் செம்பு, குரோம், ஆர்சனிக் கலவை 1933-ல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சோந்தி காமேசம் கண்டுபிடித்தது. உலகம் முழுவதும் பரவியது. ஆர்சனிக் இருப்பதால் அமெரிக்காவில் 2003-ம் ஆண்டு முடிவோடு வீட்டு உபயோகத்துக்கு அதை நிறுத்திவிட்டார்கள். அப்படிப்பட்ட மரத்தின் துண்டுகளை அடுப்பில் எரிக்கக் கூடாது. ஆட்டுக்குத் தீவனத் தொட்டி செய்யக் கூடாது. கடலோரத்தில் படகுக்குப் பூசும் முந்திரிக்கொட்டை எண்ணெய் மரத்தைக் காக்கும். பூசும்போது கையில் பட்டால் புண்ணாகும். மண்ணில் ஊற்றும் கரையான் மருந்தைக் கிணற்றுக்கு அருகே ஊற்றவே கூடாது.

எழுத்தில் வாங்குங்கள்

வாய் வார்த்தையில் வீடு வாங்காதீர்கள். மரத்தின் பெயர், பலகைக் கனம், ஈர அளவு, ஏற்றிய மருந்தின் பெயர், தூண் உயரம், இறவார நீளம், மாட்டும் கூலி, லாரி வாடகை யார் பொறுப்பு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். முன்பணம் நாலில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கடைசி ஒரு பங்கு, ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு. மறுப்பவர் தம் மரத்தைத் தாமே நம்பவில்லை என்று பொருள். அவர் ஏற்கெனவே வைத்துக் கொடுத்த, மூன்று மழை பார்த்த வீடு ஒன்றைக் காட்டச் சொல்ல வேண்டும். புதிய வீடு எல்லாம் அழகாகத்தான் இருக்கும்.

நண்பர் இந்தத் தாளை எழுதி அனுப்பினார். படம் கொடுத்தவர்கள் இறவாரத்துக்கும் தூணுக்கும் தனி விலை சொன்னார்கள். மழைக்காலம் வரை பணம் நிறுத்துவதற்கு ஒப்பவில்லை. அவர் முன்பணம் கட்டவில்லை.

ஏர்ப்பேடு பக்கம் மாதவமாலா என்ற ஊர் மரச் சிற்ப வேலைக்குப் பெயர் பெற்றது. மரம் அறிந்த கைகள் இந்த வட்டாரத்தில் இன்னும் இருக்கின்றன. நண்பருக்கு விசாரித்ததில் வயதான ஆசாரி ஒருவர் கிடைத்தார். தோப்பைச் சுற்றிப் பார்த்தார். "ஐயா, அடுக்குச் சுவர் வேண்டாம். நாலு மூலைக்கும் மருதத் தூண் நிறுத்திச் சட்டம் கட்டிடறேன். அதுக்குள்ளே வேப்பம் பலகையைச் செருகிவிட்டா, அது சுருங்கினாலும் விரிஞ்சாலும் வீட்டுக்குத் தெரியாது. ஒரு பலகை கெட்டா அதை மட்டும் மாத்திக்கலாம்" என்றார். கல் தூண் ஒன்பது. மேலே சீமை ஓடு. படத்தில் இருந்த வீட்டின் விலையில் பாதிக்குச் சற்று மேல் ஆயிற்று. மூன்று நாளில் முடியவில்லை. ஒன்றரை மாதம் பிடித்தது.

சென்ற மழை ஓய்ந்த பிறகு அந்த வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். பலகையில் அங்கங்கே நிறம் மங்கியிருந்தது. கதவு சாத்தினால் சாத்தியது, திறந்தால் திறந்தது. திண்ணையில் காபி வந்தது. நண்பரைக் காணோம். கையில் டார்ச் விளக்கோடு வீட்டுக்கு அடியில் குனிந்து ஒவ்வொரு கல் தூணாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலையில் இருந்தப்போ தண்டவாளம் பார்த்தார். இப்போ மாசம் தவறாமல் இதைப் பார்க்கிறார்" என்று அவர் மனைவி சிரித்தார்.

மூன்றாவது தூணில் விரல் நீளத்துக்கு ஒரு மண்கோடு இருந்தது. துடைப்பத்தால் தட்டிவிட்டு, மருந்து வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.